26 வருடம் முன்பு விற்ற வீணையைப் பார்த்துவிட்டேன், கேட்கலாமா?

அனுமந்தரம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், முதல் முறையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தை 1974இல் தஞ்சாவூரில் சொல்லிச் செய்து வாங்கிய வீணை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஒரே கட்டையில் குடைந்த ஏகாந்த வீணை என்று அத்தை பெருமையாகச் சொல்வாள். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அவளுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது, அதனால் வீணையை எனக்குக் கொடுத்துவிட்டாள். பதின்மூன்று வருடம் அதில்தான் வாசித்தேன். கோயில் கச்சேரி, கல்யாண ரிசப்ஷன், வானொலியில் இரண்டு முறை இளையோர் நிகழ்ச்சி என்று போய்க்கொண்டிருந்தது. 1998இல் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். நகை எல்லாம் ஏற்கனவே அடகில். ஒரு வாத்தியக் கடைக்காரர் வந்து பார்த்தார், 4,500 ரூபாய் கொடுத்தார், வண்டியில் ஏற்றினார். அந்தக் கடை இப்போது இல்லை. அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார், அதனால் விற்றதைத் தப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் வேறு வீணையைத் தொடவே இல்லை.

போன நவராத்திரிக்கு மயிலாப்பூரில் ஒரு சிநேகிதியோடு கொலு பார்க்கப் போனேன். அவளுக்குத் தெரிந்தவர்கள் வீடு. அந்த வீட்டுப் பெண், பிளஸ் டூ படிக்கிறாள், உட்கார்ந்து வீணை வாசித்தாள். நான் முதலில் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் பலகையில் தாளக் கம்பி பக்கத்து ஓரத்தில் புளியங்கொட்டை அளவு ஒரு தீக்காயம் கண்ணில் பட்டது. சரஸ்வதி பூஜையன்று ஊதுவத்தி சாய்ந்து விழுந்த இடம். நான் வைத்த ஊதுவத்தி. வீணை முனையில் செதுக்கிய யாளித் தலையின் இடது காதிலும் நுனி உடைந்திருந்தது, அதுவும் அப்படியே. சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன்.

சிநேகிதி மூலமாக விசாரித்ததில், அந்தப் பெண்ணின் அப்பா 2013இல் யாரோ ஒருவரிடம் 18,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். நடுவில் எத்தனை கை மாறியதோ.

என் கேள்விகள் இவைதான். ஒன்று, இது என் வீணைதான் என்று நிச்சயமாக எப்படித் தெரிந்துகொள்வது? மனசு சொல்கிறது, ஆனால் மனசு எதையும் சொல்லும். இரண்டு, அந்தப் பெண் அதில் நன்றாகவே வாசிக்கிறாள், அப்படி இருக்கும்போது போய்க் கேட்பது நியாயமா? கேட்டால் எப்படிக் கேட்பது, என்ன விலை சொல்வது? மூன்று, 51 வயதில், இத்தனை வருடம் விட்ட கைக்கு மறுபடி வாசிப்பு வருமா? ஓரத்தில் வெள்ளைப் பூவேலை இருக்கிறது, தந்தம் என்று அத்தை சொல்வாள், அதனால் ஏதாவது சிக்கல் உண்டா என்றும் தெரியவில்லை. சேர்த்துச் சொல்ல ஒரு விஷயம்: வீணையின் நீண்ட தண்டுக்கு அடியில் மாட்டும் உருண்டையான பழைய சுரை என்னிடம்தான் இருக்கிறது. அதில் விரிசல் இருந்ததால் கடைக்காரர் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார். 26 வருடமாகப் பரணில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

---

பலாக்கட்டை

அம்மா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வீணை வேலை. படித்ததும் முதலில் தோன்றியது, அந்தச் சுரையை எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுதான்.

கிட்டார் மாதிரி வீணைக்கு வரிசை எண் எதுவும் கிடையாது. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு வந்தது, நல்ல விஷயம், ஆனால் அது ஊருக்கும் வேலைக்கும் கிடைத்த பெயர், 1974இல் செய்த ஒரு வீணையை அடையாளம் காட்ட அது உதவாது. மரத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்களிடம் பழைய ஃபோட்டோ இருந்தால், கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, குடத்தின், அதாவது உருண்டையான பெரிய பாகத்தின், பக்கவாட்டில் ஓடும் மர ரேகையைப் பாருங்கள். பலாவில் ரேகை ஒரு கட்டைக்கு இருப்பது மாதிரி இன்னொரு கட்டைக்கு இருக்காது. தீக்காயத்தைப் போலச் செய்துவிடலாம், காது எந்த வீணையிலும் உடையும், ரேகையை யாராலும் செய்ய முடியாது.

ஏகாந்தம் என்றால் குடம், கம்பி ஓடும் நீண்ட தண்டி, முனையில் இருக்கும் யாளி மூன்றும் ஒரே கட்டையில் குடைந்தது. ஒட்டு வீணையில் இவை தனித்தனி. குடமும் தண்டியும் சேரும் கழுத்தில் அலங்காரப் பட்டை ஒன்று போட்டு ஒட்டை மறைத்திருப்பார்கள். அடிப்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், ரேகை அறுபடாமல் குடத்திலிருந்து தண்டிக்கு ஓடினால் ஏகாந்தம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவை அறுத்து வருடக்கணக்கில் காயப்போட்டுத்தான் குடைவார்கள். அந்த அளவுக்குப் பெரிய, ஓட்டை இல்லாத கட்டை இப்போது சுலபத்தில் கிடைப்பதில்லை, அதனால் ஏகாந்தம் குறைந்துவிட்டது. ஐம்பது வருடம் காய்ந்த பலா கையில் எடுத்தாலே லேசாக இருக்கும், தட்டினால் பதில் சொல்லும்.

சுரை விஷயத்துக்கு வருகிறேன். தண்டியின் அடியில் சுரையை மாட்டுகிற கிண்ணமும் திருகும் அந்தக் காலத்தில் பட்டறையில் கையால் அடித்துச் செய்தவை. ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றில் சரியாக உட்காராது, ஒன்று ஆடும் அல்லது பாதியில் இறுகிக்கொள்ளும். நடுவில் யாரும் அந்தத் திருகை மாற்றாமல் இருந்தால், உங்கள் சுரை ஏறி உட்காரும். அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த 26 வருடத்தில் மேளம், அதாவது மெட்டு எனப்படும் உலோகக் குறுக்குக் கம்பிகளைத் தாங்கும் மெழுகுக் கட்டு, பல தடவை பிரித்துக் கட்டியிருப்பார்கள். தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து வைக்கிற மேளம் வெயிலுக்கு இளகும், மெட்டு நிற்கும் ஸ்தானம் நகரும், மறுபடி கட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் 24 மெட்டையும் ஒருவர் தன் காதை நம்பித்தான் நிறுத்துகிறார். மெட்டுகளை ராவியிருப்பார்கள். கம்பிகளைத் தாங்கும் குதிரை மேலே இருக்கும் வெண்கலத் தகட்டில் கம்பி பள்ளம் போட்டிருக்கும், அதைத் தேய்த்துச் சமன் செய்திருப்பார்கள். அந்தத் தகட்டின் வளைவு ஒரு நூல் மாறினாலும் நாதம் மாறும். கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் உட்கார்ந்து மீட்டியதும் பழைய சத்தம் வரவில்லை என்று பதறாதீர்கள். மரம் அதுவாக இருந்தால், நல்ல கையில் கொடுத்து மேளம் கட்டி, குதிரையைச் சரிசெய்தால், பெரும்பாலும் திரும்ப வரும்.

தந்தம் பற்றிக் கேட்டீர்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986லும் 1991லும் வந்த திருத்தங்களுக்குப் பிறகு தந்த வியாபாரமே கூடாது. மான் கொம்பும் அந்தச் சட்டத்தின் பிடியில்தான் வருகிறது. அந்தக் காலத்தில் தந்தம், கொம்பு, பிளாஸ்டிக் மூன்றையுமே போட்டார்கள், கேட்பவரிடம் தந்தம் என்று சொன்னதும் உண்டு. தந்தமாக இருந்தால் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். பிளாஸ்டிக் ஒரே சீராக மஞ்சளாகியிருக்கும். சந்தேகம் இருந்தால் காசு கை மாறுவதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

---

பாட்டு டீச்சர்

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், வருத்தப்படாதீர்கள். கேட்காதீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது இருக்கும். பத்து வருடமாக அதில் வாசிக்கிறாள் என்றால், அவள் கை வளர்ந்ததே அந்தத் தண்டியின் அகலத்துக்கு ஏற்றபடிதான். எத்தனையாவது மெட்டில் எவ்வளவு இழுத்தால் ஸ்வரத்தின் அசைவான கமகம் எங்கே போய் நிற்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும், அதை அவள் வாயால் சொல்லக்கூட முடியாது. நீங்கள் பன்னிரண்டு வயதில் பெற்றதைத்தான் அவளும் பெற்றிருக்கிறாள். உங்களுக்கு அத்தை கொடுத்தாள், அவளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்தார்.

என் கதையையும் சொல்கிறேன். என் குருவின் வீட்டிலிருந்து எனக்கு வந்த தம்புரா, வாடகை வீடு மாறி மாறிப் போனதில் வைக்க இடமில்லாமல் விற்றேன். பத்தொன்பது வருடம் கழித்துக் கும்பகோணத்தில் கண்டுபிடித்து வாங்கினேன், கேட்ட விலையைக் கொடுத்து. வீட்டுக்குக் கொண்டுவந்து சுருதி சேர்த்து, குதிரையில் நூல் வைத்து, ரீங்காரம் தரும் ஜீவா தேடித்தேடி ஒரு மாதம் உட்கார்ந்தேன். நல்ல தம்புராதான், இன்றைக்கும் அதைத்தான் வைத்துக்கொண்டு பாடுகிறேன். ஆனால் நான் தேடிய சத்தம் குருவின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அந்த ஓடு, அந்த மண் சுவர், பின்கட்டில் யாரோ தண்ணீர் இறைக்கிற சத்தம். அந்த வீட்டை இடித்துப் பல வருடமாகிவிட்டது. அந்த ஒரு மாதம் நான் பட்டது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கை வருமா என்ற கேள்விக்கு: வரும். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மறுபடி காய்ப்புக் காய்க்க வேண்டும், அதுவரை கம்பி வெட்டும். முதல் பத்து நாள் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வலது கையில் நகத்தை வளர்த்துக்கொள்ளுங்கள், மீட்டுக்கோல் மாட்டாதீர்கள். பழைய தலைமுறை மேதை வீணை தனம்மாள் நகத்தாலும் விரலாலும்தான் மீட்டினார், சென்னை ஜார்ஜ் டவுனில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசிப்பைக் கேட்கப் பெரிய வித்வான்கள் எல்லாம் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்வார்கள். இதற்கு அந்த வீணைதான் வேண்டும் என்று இல்லை. தஞ்சாவூர் போய் ஒரு நல்ல வீணை வாங்குங்கள், நாளைக்கே தொடங்குங்கள். இத்தனை வருடம் தொடாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

---

ரொறன்ரோவிலிருந்து

அக்கா, நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப இருப்பது கனடாவில். எனக்கு வீணை தெரியாது, கிற்றார் கொஞ்சம் வாசிப்பேன். இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ராண்டி பாக்மன் என்று வின்னிபெக்கைச் சேர்ந்த ஒரு ராக் இசைக்கலைஞர். இளவயதில் சின்னச் சின்ன வேலைகள் செய்து 400 டொலர் சேர்த்து, 1957ஆம் ஆண்டு செய்த செம்மஞ்சள் நிற கிரெட்ச் கிற்றார் ஒன்று வாங்கினார். 1976இல் ரொறன்ரோவில் ஒரு விடுதியிலிருந்து அது களவு போனது. உங்களுடையது விற்றது, அவருடையது திருட்டு, அந்த வித்தியாசம் பெரிதுதான். அவர் அதற்குப் பிறகு அதே கொம்பனியின் கிற்றார்களை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார், ஒன்றும் அதுவாகவில்லை.

2020இல், கொரோனா அடைப்புக் காலம், அவருடைய பழைய அயலவர் ஒருவர் வீட்டில் இருந்தபடி தேடத் தொடங்கினார். மேலே ஐயா சொன்னது போலத்தான், மரத்தை வைத்து. அந்த கிற்றாரின் முகத்தில் மரக்கணு ஒன்று கறுப்பாகத் தெரியும். இணையத்தில் கிடைத்த படங்களை எல்லாம் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் யப்பானிய இசைக்கலைஞர் ஒருவர் வாசிக்கும் யூடியூப் காணொளியில் அதே கணுவைக் கண்டுபிடித்தார். அந்த யப்பானியர் டாக்கேஷி. அவர் தோக்கியோவில் ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கியிருந்தார், களவுப் பொருள் என்று அவருக்குத் தெரியாது.

இனிமேல்தான் உங்களுக்கு வேண்டிய இடம். பாக்மன் அவரிடம் காசு தருகிறேன், தா என்று கேட்டு எடுக்கவில்லை. அதே 1957இல், அதே கிழமையில் செய்யப்பட்ட இன்னொரு கிரெட்சைத் தேடிப் பிடித்து வாங்கினார். 2022 யூலை 1ஆம் திகதி, கனடா தினத்தன்று, தோக்கியோவில் கனடியத் தூதரகத்தில் இரண்டு பேரும் மேடையில் நின்று கிற்றார்களை மாற்றிக்கொண்டார்கள், பிறகு சேர்ந்து வாசித்தார்கள். நான் அந்தக் காணொளியை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று தெரியாது.

பாட்டு டீச்சர் சொல்வது எனக்கு விளங்குகிறது, அந்தப் பிள்ளையின் கை வெறுங்கையாகக் கூடாது. ஆனால் கேட்கவே கூடாது என்றால், பாவம் அந்தப் பிள்ளைக்கே தன் வீணையின் கதை தெரியாமல் போகுமே. 1974இலிருந்து 1998 வரைக்கும் அது எங்கே இருந்தது, யார் வாசித்தார்கள் என்று சொல்ல உங்களைத் தவிர உலகத்தில் யாரும் இல்லை. போய்ச் சொல்லுங்கோ. கேட்பதைப் பிறகு பார்க்கலாம். கேட்டால் வேறு நல்ல வீணை ஒன்றை அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் வாங்கிக் கொடுங்கோ.

நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அப்பாவின் ஆர்மோனியத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அது இருந்த வீடும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை, போய்க் கேட்க ஆளும் இல்லை. உங்களுடையது ஒரு தெருவில் ஒரு வீட்டில் பத்திரமாக இருக்கிறது அக்கா.

---

பலாக்கட்டை

டொரண்டோ தம்பி சொன்னது நல்ல யோசனை. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். மாற்றிக்கொள்வது என்று முடிவானால் அந்தப் பெண்ணைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கடையில் தொங்குவதில் ஒன்றை எடுத்துக் கொடுக்காதீர்கள். அவள் கைக்கு அளவெடுத்து, தண்டி அகலம் பார்த்து, இப்போதைய வீணையின் மெட்டு இடைவெளியையே குறித்துக்கொண்டு செய்தால் அவளுக்கு மாறினது மாதிரித் தெரியாது. மற்றது, வீணையைப் பகல் நேரத்தில் காரில் கொண்டு போகாதீர்கள். சித்திரை வெயிலில் மூடின காரில் ஒரு மணி நேரம் இருந்தால் மேளம் வழிந்துவிடும். கம்பியைத் தளர்த்திவிட்டு ராத்திரிப் பயணம்.

---

அனுமந்தரம்

மூன்று வாரமாகப் பதில் எழுதவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் திரும்பத்திரும்பப் படித்தேன். பாட்டு டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தேன். ரொறன்ரோ தம்பியின் கடைசி வரியில்தான் மனசு மாறியது.

போன ஞாயிறு போனேன். சுரையைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு. அந்த வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். முதலில் பேச்சே வரவில்லை, பையைத் திறந்து சுரையைக் கூடத்தில் வைத்தேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "இது எங்க வீணைக் கலர்" என்றாள்.

அவள்தான் வீணையைச் சாய்த்துப் பிடித்தாள், இப்போது மாட்டியிருக்கும் ஃபைபர் சுரையைக் கழற்றினாள். அதற்கு அடியில் துணி சுற்றி இறுக்கியிருந்தார்கள், அது எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் என்றாள். துணியை எடுத்துவிட்டு என் சுரையை வைத்துத் திருகினேன். மூன்று சுற்று, நின்றது. ஆடவில்லை. அவள் அப்பா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றைக்குக் கேட்கப் போவதில்லை என்று நினைத்துத்தான் போனேன். ஊதுவத்திக் கதையைச் சொன்னேன், அத்தையைப் பற்றிச் சொன்னேன், எதற்காக விற்றேன் என்றும் சொன்னேன். அந்தத் தீக்காயத்தைப் பூச்சி அரித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அப்புறம் அவள் என்னிடம் வீணையைத் தள்ளி, வாசியுங்கள் என்றாள். சரளி வரிசை மட்டும்தான் வந்தது. மூன்றாவது மெட்டுப் பக்கத்தில் கொஞ்சம் இரைச்சல், அடிச்சத்தம் தரும் அனுமந்தரக் கம்பி சரியாகப் பேசவில்லை. மேளம் பார்த்தே ஆக வேண்டும், ஐயா சொன்னது மாதிரி பழைய சத்தம் இல்லை. ஆனால் பஞ்சமத்தை மீட்டியபோது குடம் தொடையில் அதிர்ந்தது, அது அப்படியே இருந்தது. பாட்டு டீச்சருக்காக இதைக் குறிப்பாக எழுதுகிறேன், நான் காதால் தேடியதை அங்கே உடம்புதான் கண்டுபிடித்தது.

பூவேலை தந்தம் இல்லை. வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம், பிளாஸ்டிக் என்று நிச்சயமாகச் சொல்லிவிட்டார். அத்தையிடம் யாரோ அப்படிச் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

கேட்டது நான் இல்லை, அவள்தான் கேட்டாள், "உங்களுக்கு இது வேணுமா" என்று. பொய் சொல்ல முடியவில்லை, வேண்டும் என்றேன். தனக்கு மார்ச்சில் பரீட்சை, அதற்கு முன்னால் ஒரு சின்னக் கச்சேரி ஒத்துக்கொண்டிருக்கிறாள், அதுவரை இதுதான் வேண்டும் என்றாள். பரீட்சை முடிந்ததும் மூன்று பேருமாகத் தஞ்சாவூர் போய் அவளுக்கு ஒரு வீணை சொல்லிவிட்டு வருவது, அது தயாராகி அவளுக்குப் பிடித்திருந்தால் மாற்றிக்கொள்வது, பிடிக்கவில்லை என்றால் இது அவளிடமே இருப்பது என்று பேசியிருக்கிறோம். சுரையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், அதை மறுபடி கழற்றத் தோன்றவில்லை.

பலாக்கட்டை ஐயா, ஏப்ரலில் வந்தால் ஏகாந்தத்துக்குக் கட்டை கிடைக்குமா, இல்லை இப்போதே சொல்லிவைக்க வேண்டுமா? அவளுக்கு ஒட்டு வீணை வாங்கிக் கொடுத்துவிட்டு நான் ஏகாந்தத்தை எடுத்துக்கொள்வது சரியாகப் படவில்லை. டீச்சர், விரலில் மூன்று இடத்தில் வெட்டியிருக்கிறது. விளக்கெண்ணெய் தடவலாமா?

---

பலாக்கட்டை

இப்போதே சொல்லிவிடுங்கள் அம்மா. காய்ந்த கட்டையாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லலாம். அந்தப் பெண் எப்போதும் எத்தனை கட்டை சுருதியில் வாசிக்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள். அவள் கச்சேரி முடியும் வரை பழைய மேளத்தைத் தொட வேண்டாம், அந்த மூன்றாவது மெட்டின் கீழே மட்டும் மெழுகைச் சூடு காட்டிச் சரிசெய்தால் போதும்.

---

பாட்டு டீச்சர்

தேங்காய் எண்ணெய் போதும், ராத்திரியில் தடவுங்கள், வாசிப்பதற்கு முன்னால் வேண்டாம், கம்பியில் பிடிப்பு போய்விடும். அந்தப் பெண்ணின் கச்சேரி என்றைக்கு, எங்கே? நான் வருகிறேன்.